நொதி சவ்வைத் தேடிப் போவது எப்படி: புரத வடிவத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

முதல் தடவை ஒரு நொதியின் முப்பரிமாண வடிவத்தைத் திரையில் திறப்பவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் தேடுவார்கள்: வினை நடக்கும் குழி எங்கே? ஏடிபி எங்கே உட்காருகிறது, எந்த அமினோ அமிலம் வெட்டுகிறது, எது ஒட்டுகிறது? நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் செல்லுக்குள் செய்தி கடத்தும் நொதிகளில் குழியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பாதிக் கதை கைநழுவிப் போகும். அந்த நொதி எங்கே நிற்கிறது என்பதுதான் மீதிப் பாதி.

வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் ராஸ் என்ற புரதத்தை முடுக்கிவிடுவது சாஸ் என்ற இன்னொரு புரதம். சாஸ் சாதாரணமாகச் சைட்டோபிளாசத்தில் அலைந்துகொண்டிருக்கும். 1990களில் சவ்வில் ஒட்டக்கூடிய ஒரு துண்டைச் சாஸோடு சேர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சிக் காரணி எதுவும் கொடுக்காமலே ராஸ் பாதை ஓடத் தொடங்கிவிட்டது. ஏகேடி என்ற கைனேஸுக்கும் (பிற மூலக்கூறுகளில் பாஸ்பேட் ஏற்றும் நொதி) இதேதான்: முன்முனையில் ஒரு கொழுப்பு அமிலம் ஏறும்படி செய்தால் அது எந்நேரமும் இயங்கிக்கொண்டே இருக்கும். இரண்டிலும் குழியைத் தொடவே இல்லை. இடத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே இந்த வழிகாட்டி இடத்தைப் பற்றியது. உங்கள் கையில் ஒரு நொதியின் பெயர் இருக்கிறது. அது செல் சவ்வுக்குப் போகுமா, எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எப்போது விடும்? அதன் அமினோ அமில வரிசையையும் வடிவத்தையும் வைத்தே இதில் நிறைய கணித்துவிடலாம். யூனிப்ராட் (வரிசைகள்), பிடிபி (ஆய்வில் கண்ட வடிவங்கள்), ஆல்ஃபாஃபோல்டு (கணினி கணித்த வடிவங்கள்) தரவுத்தளங்களும், வடிவத்தைத் திரையில் காட்டும் கைமெராஎக்ஸ் அல்லது பைமால் மென்பொருளும் போதும். ஆய்வக மேசைக்குக் கடைசியில் வருவோம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. புதிதாக வருபவர்கள் "இதோ, சவ்வுக்குப் போகச் சொல்லும் முகவரி" என்று ஒரே ஒரு துண்டைத் தேடுவார்கள். பெரும்பாலும் அப்படி ஒன்று கிடைக்காது. இரண்டோ மூன்றோ பலவீனமான பிடிகள்தான் இருக்கும். தனித்தனியாக எதுவும் போதாது, சேர்ந்தால் போதும். அது இயற்கையின் குறையல்ல. சமிக்ஞை நொதி வந்து ஒட்டினால் மட்டும் போதாதே, வேலை முடிந்ததும் கழன்று வரவும் வேண்டும். ஒரே பிடியாக இறுக ஒட்டிய நொதியை எப்படி அணைப்பது?

அங்கே போய் என்ன லாபம்

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். செல்லை 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே பரவிக் கிடக்கும் நொதி முழுவதும் சவ்வை ஒட்டிய 5 நானோமீட்டர் அடுக்குக்குள் வந்து சேர்கிறது. செறிவு எத்தனை மடங்கு கூடும்? உருண்டையின் கனஅளவை அந்த மெல்லிய ஓட்டின் கனஅளவால் வகுத்தால், ஆரத்தை மூன்று மடங்கு தடிமனால் வகுப்பதற்குச் சமம். 5000 ÷ 15, ஏறக்குறைய 333. ஒரு நொதி மூலக்கூறுகூடப் புதிதாக உற்பத்தியாகாமல், முந்நூறு மடங்குக்கு மேல் நெரிசல். வினைபடுபொருளும் அதே சவ்வில் இருந்தால் இரண்டும் சந்திப்பதற்கு வேறென்ன வேண்டும்?

இன்னொரு லாபம் உண்டு. பல நொதிகளில் சவ்வைப் பிடிக்கும் பகுதியே, சவ்வு கிடைக்காதபோது குழியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சவ்வில் ஒட்டுவதும் திறப்பதும் ஒரே அசைவில் நடக்கும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

முதல் படி: சவ்வை உள்ளேயிருந்து பாருங்கள்

பாடப்புத்தகப் படங்களில் சவ்வின் இரு அடுக்குகளும் ஒரே மாதிரி இருக்கும். நிஜத்தில் அப்படியில்லை. சவ்வைக் கட்டுவது லிப்பிடுகள்: நீரை நோக்கிய தலையும் எண்ணெய் வாலும் கொண்ட கொழுப்பு மூலக்கூறுகள். வெளி அடுக்கில் பாஸ்படிடைல்கோலின், ஸ்பிங்கோமையலின் என்ற லிப்பிடுகள் அதிகம். மொத்தத்தில் மின்சுமை நடுநிலை. எதிர்மின்சுமை கொண்ட பாஸ்படிடைல்செரின் ஏறக்குறைய முழுவதும் உள் அடுக்கில்தான் இருக்கிறது. அதோடு பிப்-2 எனப்படும் லிப்பிடும் அங்கே உண்டு. பிளாஸ்மா சவ்வின் (செல்லின் வெளிச் சவ்வு) லிப்பிடுகளில் அது நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான், ஆனால் தலையில் பாஸ்பேட்டுகள் கூடுதல், எதிர்மின்சுமையும் கூடுதல். ஆகவே செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் கண்ணுக்கு பிளாஸ்மா சவ்வு எதிர்மின்சுமை பூசிய ஒரு சுவர். சுவருக்குப் பின்னால் 3 நானோமீட்டர் அளவுக்கு எண்ணெய்.

புரதம் பிடிக்கக்கூடியது இந்த மூன்றைத்தான்: எதிர்மின்சுமையை, எண்ணெயை, அல்லது ஏதாவது ஒரு லிப்பிடின் தலையை. உங்கள் நொதியில் தேட வேண்டியதும் இவற்றுக்கு எதிர்ப்பக்கம்: நேர்மின்சுமைத் திட்டு, நீரை வெறுக்கும் நீட்டல், குறிப்பிட்ட தலை நுழையும் பை.

மின்சுமையைப் பற்றி ஒரு விஷயம். செல்லுக்குள் உப்பு நிறைய இருப்பதால் மின்சுமையின் இழுப்பு ஏறக்குறைய 1 நானோமீட்டருக்குள் மங்கிவிடும். தொலைவிலிருந்து காந்தம்போல இழுக்கும் என்று கற்பனை செய்யாதீர்கள். மிக அருகில் வந்தால்தான் அது வேலை செய்யும்.

இரண்டாம் படி: இரண்டு முனைகளையும் எழுத்தெழுத்தாகப் படியுங்கள்

வடிவத்தைத் திறப்பதற்கு முன்னால் வரிசையைத் திறங்கள். முதல் இருபது அமினோ அமிலங்களும் கடைசி இருபதும் போதும். சவ்வு நங்கூரங்கள் பல அங்கேதான் இருக்கும். அதுவும் ஒழுங்கான வடிவம் இல்லாத வால்களாக இருப்பதால் படிக அமைப்புகளில் பெரும்பாலும் காணாமலே போய்விடும்.

சார்க் கைனேஸை எடுத்துக்கொள்வோம். மனித சார்க் இப்படித் தொடங்குகிறது: மெத்தியோனின், கிளைசின், செரின், அஸ்பராஜின், லைசின், செரின், லைசின், புரோலின், லைசின், அஸ்பார்டிக் அமிலம், அலனின், செரின், குளுட்டமின், ஆர்ஜினின், ஆர்ஜினின், ஆர்ஜினின். ஒரு தடவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். இரண்டாம் இடத்தில் கிளைசின். முதல் மெத்தியோனின் வெட்டப்பட்டதும் அந்தக் கிளைசின் முனைக்கு வந்துவிடும். அதன்மேல் மிரிஸ்டிக் அமிலம் என்ற 14 கார்பன் சங்கிலியை ஒரு நொதி ஏற்றிவிடும். இது முதல் பிடி. அப்புறம் 5, 7, 9, 14, 15, 16 ஆகிய இடங்களில் லைசினும் ஆர்ஜினினும்: பதினாறுக்குள் ஆறு நேர்மின்சுமைகள், ஒரே ஒரு எதிர்மின்சுமை. இது இரண்டாம் பிடி.

மிரிஸ்டிக் அமிலம் மட்டும் இருந்தால் சவ்வில் பிடிப்பு பலவீனம். புரதம் ஒட்டும், கழலும், ஒட்டும், கழலும். நேர்மின்சுமைக் கொத்து மட்டும் இருந்தாலும் அதே கதி. இரண்டும் ஒரே வாலில் இருக்கும்போது பிடிப்புகள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. செயற்கைச் சவ்வுகளில் அளந்தபோது, மிரிஸ்டிக் அமிலம் ஏறிய சார்க் வால் நடுநிலைச் சவ்வைவிட எதிர்மின்சுமைச் சவ்வில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டியது. ஏன் பெருக்கல்? ஒரு பிடி வாலைச் சவ்வருகே நிறுத்திவிட்டால், அடுத்த பிடி தேடி அலைய வேண்டியதில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. இந்த ஒரு யோசனையை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை சுலபம்.

கிளைசினுக்குப் பதில் அலனின் வைத்தால் மிரிஸ்டிக் அமிலம் ஏறாது. புற்றை உண்டாக்கும் வைரஸ் வடிவ சார்க்கில் இதைச் செய்து பார்த்தார்கள். கைனேஸ் குழி ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் புரதம் சவ்வுக்குப் போகவில்லை, செல்லையும் புற்றாக மாற்றவில்லை.

பின்முனைக்கு உதாரணம் கே-ராஸ். ராஸும் ஒரு நொதிதான், ஏடிபியைப் போன்ற ஜிடிபி (GTP) மூலக்கூறை மெதுவாக உடைக்கும் நொதி. கடைசி நான்கில் முதலாவது சிஸ்டீன். அதற்கு அடுத்த இரண்டும் பெரும்பாலும் கொழுப்புத் தன்மையுள்ளவை. கடைசியில் மெத்தியோனின், செரின் போல ஏதாவது ஒன்று. இந்த அமைப்பைக் கண்டால் அந்தச் சிஸ்டீனில் 15 கார்பன் ஃபார்னெசில் ஏறும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி மூன்றும் அப்புறம் வெட்டப்பட்டுவிடும். ஆனால் ஃபார்னெசிலும் தனியாகப் போதாது. கே-ராஸ் ஒரே ஜீனிலிருந்து 4ஏ, 4பி என்ற இரண்டு வடிவங்களில் வரும்; 4பியில் சிஸ்டீனுக்கு முன்னால் ஆறு லைசின்கள் வரிசையாக நிற்கின்றன. எச்-ராஸில் அந்த லைசின் வரிசை இல்லை. அதற்குப் பதில் இன்னும் இரண்டு சிஸ்டீன்களில் 16 கார்பன் பால்மிடிக் அமிலம் ஏறுகிறது. ஒரே குடும்பம், ஒரே மாதிரி குழி, இரண்டாம் பிடி மட்டும் வேறு. பால்மிடிக் அமிலத்தைச் செல் கழற்றி மறுபடி ஏற்றும். ஃபார்னெசிலும் மிரிஸ்டிக் அமிலமும் ஏறினால் ஏறியதுதான்.

இங்கே ஒரு தடுக்கல். யூனிப்ராடில் மனித கே-ராஸ் பக்கத்தைத் திறந்து ஆறு லைசின்களைத் தேடினால் கிடைக்காது. அங்கே முதன்மையாகக் காட்டப்படுவது 4ஏ வடிவம். 4பி இரண்டாவது வடிவமாகக் கீழே இருக்கும். நான் அரை நாள் குழம்பியது இதில்தான். எந்த நொதியானாலும் முனைகளைப் படிக்கும்முன் அந்த ஜீனின் எந்த வடிவத்து வரிசையைப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரே ஜீனின் செய்தியை வேறுவேறாக வெட்டி ஒட்டும் இடங்களில் முனைகளும் சேர்த்தி.

மூன்றாம் படி: டொமைன்களை அடையாளம் காணுங்கள்

டொமைன் என்பது புரதத்தில் தனியாக மடிந்து நிற்கும் பகுதி. வரிசையை இன்டர்ப்ரோ என்ற தளத்தில் போட்டால் எந்தெந்த டொமைன்கள் இருக்கின்றன என்று காட்டும். சமிக்ஞை நொதிகளில் அடிக்கடி எதிர்ப்படுபவை மூன்று: பிஎச், சி1, சி2. உடலில் எங்கே சுற்றினாலும் இந்த மூவரையும் சந்திக்காமல் இருக்க முடியாது.

பிஎச் டொமைன் ஏறக்குறைய நூறு முதல் நூற்றிருபது அமினோ அமிலங்கள். ஏழு பீட்டா இழைகள் இரண்டு தட்டுகளாக மடிந்து, ஒரு பக்கத்தை ஆல்ஃபா சுருள் மூடியிருக்கும். மூடாத பக்கத்தில் இழைகளை இணைக்கும் வளையங்கள். அவற்றுக்கு நடுவில் பை. பிஎல்சி டெல்டா 1 நொதியின் பிஎச் டொமைனை பிடிபியில் 1எம்ஏஐ என்ற குறியீட்டில் பார்க்கலாம். 1995ல் வந்த அமைப்பு. அந்தப் பையில் பிப்-2இன் தலையான ஐபி3 உட்கார்ந்திருக்கும். அதன் பாஸ்பேட்டுகளைச் சுற்றி லைசின்களும் ஆர்ஜினின்களும், விரல்கள் ஒரு நாணயத்தைப் பிடித்திருப்பது போல. 40ஆம் இடத்து ஆர்ஜினினைச் சொடுக்கிப் பாருங்கள். அதை லூசினாக மாற்றினால் டொமைன் சவ்வை விட்டு விழுந்துவிடும். ஆய்வகங்களில் எதிர்ச்சான்றாக வைப்பது இந்த மாற்றத்தைத்தான்.

இந்த நொதியில் ஒரு வேடிக்கை உண்டு. பிப்-2ஐ வெட்டி, கரைந்து போகும் ஐபி3யும் சவ்விலேயே தங்கும் டயசைல்கிளிசராலும் தயாரிப்பது இதே பிஎல்சிதான். அதன் பிஎச் டொமைனோ சவ்விலுள்ள பிப்-2ஐவிடக் கரைந்து மிதக்கும் ஐபி3யை இன்னும் இறுகப் பிடிக்கும். வேலை செய்யச் செய்ய, தான் உண்டாக்கிய பொருளே தன்னைச் சவ்விலிருந்து இழுத்துவிடும்.

ஏகேடியின் பிஎச் டொமைன் வேறு தலையைத் தேடுகிறது: பிப்-2இல் இன்னொரு பாஸ்பேட் ஏறிய பிப்-3. ஓய்வில் இருக்கும் செல்லில் அது அரிது. வெளியே வளர்ச்சிக் காரணி வந்து பிஐ3-கைனேஸ் முடுக்கப்பட்டால்தான் கூடும். பிடென் என்ற நொதி அதைத் திரும்ப பிப்-2 ஆக்கிவிடும். ஆகவே ஏகேடியின் முகவரி நேரத்துக்கு நேரம் தோன்றி மறைகிறது. 17ஆம் இடத்துக் குளுட்டாமிக் அமிலம் லைசினாக மாறும் ஒரு திடீர்மாற்றம் சில மார்பக, பெருங்குடல், சூலகப் புற்றுகளில் 2007ல் கண்டறியப்பட்டது. எதிர்மின்சுமை போய் நேர்மின்சுமை வந்ததும் பையின் தேர்வு தளர்ந்துவிடுகிறது. செய்தி வராதபோதும் ஏகேடி சவ்வில் நிற்கிறது. நேர்மாறான உதாரணம் பிடிகே (BTK) கைனேஸ். அதன் பிஎச் டொமைனில் 28ஆம் ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறினால் பை வெறுமையாகிவிடும். பி செல்கள் முதிராது, எதிர்ப்பொருள் உற்பத்தி இல்லாத பிறவி நோய் வரும். ஒரே ஒரு அமினோ அமிலம். கைனேஸ் குழிக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தமே இல்லை.

ஆனால் பட்டியலில் "பிஎச்" என்று கண்டதும் சவ்வு என்று எழுதிவிடாதீர்கள். மனிதனில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பிஎச் டொமைன்கள் உண்டு; இந்த லிப்பிடுகளை வலுவாகவும் தேர்ந்தும் பிடிப்பவை அவற்றில் சிறுபான்மை. மீதி பல வேறு புரதங்களோடு கைகோக்கின்றன. வளையங்களில் லைசின், ஆர்ஜினின் கொத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சி1 எனக்கு மிகவும் பிடித்த டொமைன். ஐம்பது அமினோ அமிலங்கள்தான். இரண்டு துத்தநாக அயனிகள் அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். பிகேசி எனப்படும் புரதக் கைனேஸ் சி, டயசைல்கிளிசராலைக் கண்டுகொள்வது இதனால். பிடிபியில் 1பிடிஆர் என்று தேடினால் பிகேசி டெல்டாவின் சி1பி டொமைன் ஃபோர்பால் எஸ்டரோடு கிடைக்கும். நேர்வாள எண்ணெயில் இருக்கும், டயசைல்கிளிசராலைப் போலவே நடிக்கும் மூலக்கூறு அது. படத்தைத் திருப்பி, இரண்டு வளையங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை மேலே வையுங்கள். அந்த முனை நீரை வெறுக்கும் அமினோ அமிலங்களால் ஆனது. ஆனால் இரண்டு வளையங்களுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அதன் அடி நீரை விரும்பும். அந்தப் பள்ளம் வெறுமையாக இருக்கும்வரை முனை எண்ணெய்க்குள் நுழையத் தயங்கும். ஃபோர்பால் எஸ்டர் போய் உட்கார்ந்ததும் பள்ளம் மூடிக்கொள்கிறது. மேற்பரப்பு முழுவதும் வழவழவென எண்ணெய்க்கு ஏற்றதாகிவிடுகிறது. ஃபோர்பால் எஸ்டர் இல்லாத அமைப்பையும் இருக்கும் அமைப்பையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் புரதத்தின் மடிப்பு ஏறக்குறைய அசையவே இல்லை. வடிவம் மாறித்தான் புரதம் இயங்கும் என்று படித்திருப்போம். இங்கே நடந்தது, பாட்டிலுக்கு மூடி போட்டது மட்டும். எண்ணெய் முனைக்குக் கொஞ்சம் கீழே நேர்மின்சுமை வளையம் ஒன்றும் இருக்கும். முனை உள்ளே போகும்போது அது எதிர்மின்சுமைத் தலைகளோடு உட்காரும்.

சி2 ஏறக்குறைய 130 அமினோ அமிலங்கள். ஒரு முனையில் மூன்று வளையங்கள்; அவற்றில் அஸ்பார்டிக் அமிலங்கள் சேர்ந்து இரண்டு மூன்று கால்சியம் அயனிகளைப் பிடிக்கும். பிகேசி ஆல்ஃபாவின் சி2 பாஸ்படிடைல்செரினைத் தேடும், பிப்-2ஐயும் பிடிக்கும். ஆகவே பிளாஸ்மா சவ்வு. சைட்டோசாலிக் பாஸ்போலிபேஸ் ஏ2 நொதியின் சி2 பாஸ்படிடைல்கோலினை விரும்பும். அது உட்கரு உறைக்கும் கோல்ஜிக்கும் போகும். இரண்டுக்கும் கால்சியம்தான் மணியடிக்கிறது, போகும் வாசல் வேறு. கால்சியமே பிடிக்காத சி2 டொமைன்களும் உண்டு; அஸ்பார்டிக் அமிலங்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இவை தவிர எஃப்ஒய்விஇ, பிஎக்ஸ் போன்றவை உண்டு. முதலாவது எண்டோசோம் (செல் வெளியிலிருந்து உள்வாங்கிய குமிழி) சவ்வைத் தேடுவது. எஸ்எச்2 டொமைன் லிப்பிடை நம்பிப் போவதில்லை. சவ்வில் நிற்கும் ஏற்பியின் பாஸ்பேட் ஏறிய டைரோசினைப் பிடிக்கும். அதையும் ஒரு பிடியாகக் கணக்கில் சேருங்கள்.

நான்காம் படி: மேற்பரப்புக்கு நிறம் போடுங்கள்

கைமெராஎக்ஸில் கூலோம்பிக் கட்டளை மின்சுமையைக் காட்டும்: நீலம் நேர், சிவப்பு எதிர். எம்எல்பி கட்டளை எண்ணெய்த் தன்மையைக் காட்டும்: பொன்னிறம் இருந்தால் நீரை வெறுக்கும் இடம். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் புரதத்தைச் சுழற்றுங்கள். நீங்கள் தேடுவது ஒரு பக்கம் முழுக்க நீலமாக, அதன் நடுவிலோ ஓரத்திலோ பொன்னிற முனை துருத்திக்கொண்டிருக்கும் முகம். லிப்பிடின் தலைக்கான பையும் அதே முகத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஓபிஎம் தளத்தின் பிபிஎம் கருவியில் கோப்பைப் போட்டால் சவ்வில் எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு என்று அதுவும் ஒரு கணிப்பு தரும். உங்கள் கணிப்பை முதலில் எழுதிவிட்டு அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கண் பழகாது.

எல்லோரும் விழும் பள்ளங்கள் இந்தப் படியில்தான். சி2 டொமைனை ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்திலிருந்து இறக்கி நிறம் போட்டால், சவ்வைப் பார்க்க வேண்டிய வளையங்கள் அடர் சிவப்பாக இருக்கும். "எதிர்மின்சுமை எதிர்மின்சுமையோடு எப்படி ஒட்டும்? இது சவ்வுக்குப் போகாது" என்று முடிவெடுத்துவிடுவார்கள். அந்த மாதிரியில் கால்சியம் இல்லை. கால்சியத்தோடு எடுத்த படிக அமைப்பைத் திறந்து, அயனிகளையும் கணக்கில் சேர்த்து மறுபடி போடுங்கள்; அதே இடம் நிறம் மாறும். கால்சியம் வந்தால் மட்டும் ஒட்டு என்ற கட்டளையே அந்த நிறமாற்றம்தான்.

இரண்டாவது, வால்கள். ஆல்ஃபாஃபோல்டு மாதிரியில் சார்க்கின் முன்முனை வெறும் நூலாகப் புரதத்தைச் சுற்றிக் கிடக்கும். நம்பகத்தன்மை மதிப்பெண் 50க்குக் கீழே, ஆரஞ்சு நிறம். பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்று அதை மறைத்துவிட்டு மீதியைப் படிப்பார்கள். மறைத்தது நங்கூரத்தை.

மூன்றாவது, ஏறிய கொழுப்பு அமிலங்கள் அந்த மாதிரிகளில் இருக்காது. இரண்டாம் படியில் எழுதிவைத்ததை நீங்களாகத்தான் மனதில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: பூட்டு எங்கே

பிகேசியில் ஒரு சிறு துண்டு, அந்தக் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றும் இலக்கைப் போலவே இருக்கும். ஆனால் செரின் இருக்க வேண்டிய இடத்தில் அலனின். குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வேலை எதுவும் நடக்காது. பொய்ச் சாவி செருகிய பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துண்டு சி1 டொமைனுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. முதலில் கால்சியம் கூடும். சி2 நொதியைச் சவ்வுக்குக் கொண்டுவரும். அங்கே வந்தபின் சி1 சவ்வின் தளத்திலேயே நகர்ந்து டயசைல்கிளிசராலைக் கண்டுபிடிக்கும். இரண்டு பிடிகளும் சேர்ந்து தரும் ஆற்றலில் பொய்ச் சாவி குழியிலிருந்து வெளியே இழுக்கப்படும்.

இப்போது பிகேசி குடும்பத்தைப் பிரித்துப் பார்க்க இதுவே போதும். ஆல்ஃபா, பீட்டா, காமா வகைகளுக்குக் கால்சியமும் டயசைல்கிளிசராலும் வேண்டும். டெல்டா, எப்சிலான் போன்றவற்றில் சி2 கால்சியம் பிடிக்காது. டயசைல்கிளிசரால் மட்டும் போதும், ஆனால் அவற்றின் சி1 அதை இன்னும் இறுகப் பிடிக்கும். ஒரு பிடி குறைந்தால் மற்றது ஈடுகட்டியிருக்கிறது. ஜீட்டா, ஐயோட்டா வகைகளுக்கு இரண்டுமே தேவையில்லை. அவற்றை வழிநடத்துவது வேறு புரதங்கள்.

ஏகேடியிலும் பூட்டு உண்டு: பிஎச் டொமைன் கைனேஸ் பகுதியோடு ஒட்டிக்கிடக்கும். பிப்-3 பிடித்ததும் பிரியும். அப்போது பிடிகே1 (PDK1; முன்பு பார்த்த BTK அல்ல) என்ற கைனேஸ் 308ஆம் திரியோனினில் பாஸ்பேட் ஏற்ற வழி கிடைக்கும். உங்கள் நொதியின் முழு நீள அமைப்பு கிடைத்தால், சவ்வைப் பிடிக்கும் முகம் வெளியே தெரிகிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். புதைந்திருந்தால் அதைத் திறப்பது எது என்பதுதான் அடுத்த கேள்வி.

எழுதிவைத்து, பிறகு சோதியுங்கள்

கணிப்பை ஒரு காகிதத்தில் நாலு வரியில் எழுதுங்கள். என்னென்ன பிடிகள், எது எப்போதும் இருக்கிறது, எது செய்தி வந்தால் மட்டும் உண்டாகிறது, எந்த ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால் எல்லாம் குலையும். கே-ராஸ் 4பிக்கு நான் எழுதினால்: ஃபார்னெசில் எப்போதும், லைசின் வரிசை எப்போதும், ஆனால் 181ஆம் செரினில் பாஸ்பேட் ஏறினால் நேர்மின்சுமை குறைந்து பிடி தளரும், 185ஆம் சிஸ்டீனை மாற்றினால் எல்லாம் போய்விடும்.

ஆய்வகத்தில் எளிய வழி, நொதியோடு பச்சை ஒளிர்புரதத்தை இணைத்து செல்லுக்குள் பார்ப்பது. எந்த முனையில் இணைக்கிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. மிரிஸ்டிக் அமிலம் ஏறும் ஒரு கைனேஸின் முன்முனையில் நான் ஒருமுறை ஒளிர்புரதத்தைச் சேர்த்துவிட்டேன். செல் முழுக்கப் பச்சை. சவ்வில் ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் செல்களைக் குறை சொன்ன பிறகுதான் உறைத்தது: கிளைசின் இப்போது முனையிலேயே இல்லை, கொழுப்பு எங்கே ஏறும்? சார்க்குக்குப் பின்முனையில் இணையுங்கள், ராஸுக்கு முன்முனையில்.

செயற்கைச் சவ்வுக் குமிழிகளில் சோதித்தால் எந்தப் பிடி எவ்வளவு என்று பிரித்துவிடலாம். மூன்று கலவைகள் வையுங்கள்: பாஸ்படிடைல்கோலின் மட்டும், அதோடு பாஸ்படிடைல்செரின், மூன்றாவதில் கொஞ்சம் பிப்-2. புரதத்தைச் சேர்த்து, குமிழிகளை அதிவேக மையவிலக்கில் அடியில் படியவிட்டு, எவ்வளவு புரதம் கூடவே இறங்கியது என்று பாருங்கள். அப்புறம் சோடியம் குளோரைடை 100 மில்லிமோலாரிலிருந்து 500க்கு ஏற்றுங்கள். மின்சுமைப் பிடி தளர்ந்து புரதம் மேலே மிதந்துவிடும். எண்ணெய்க்குள் நுழைந்தது அவ்வளவு சுலபத்தில் அசையாது. குமிழி இல்லாமல் புரதம் தானாகவே அடியில் இறங்குகிறதா என்ற குழாயை மறந்துவிடாதீர்கள். திரண்டுபோன புரதமும் அழகாக அடியில்தான் உட்காரும்.

செல்லில் நேரம் சார்ந்த பிடிகளைப் பார்க்க, பிகேசி ஆல்ஃபாவோடு ஒளிர்புரதம் இணைத்து, கால்சியத்தை உள்ளே விடும் அயனோமைசினைச் சேருங்கள். சில விநாடிகளில் பச்சை ஓரத்துக்கு ஓடும். இஜிடிஏ போட்டுக் கால்சியத்தைக் கட்டினால் திரும்ப வரும். ஃபோர்பால் எஸ்டர் கொடுத்தால் மெதுவாகப் போய் அங்கேயே தங்கிவிடும். ஓரம் மின்னுகிறது என்று கண்ணால் மட்டும் முடிவு செய்ய வேண்டாம். சவ்வு மடிந்து நிற்கும் இடத்தில் எந்தப் புரதமானாலும் பளிச்சென்று தெரியும். எங்கும் ஒட்டாத ஒரு சிவப்பு ஒளிர்புரதத்தைக் கூடவே வையுங்கள். செல்லின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, பச்சையையும் சிவப்பையும் தனித்தனியாக அளந்து, ஒன்றை இன்னொன்றால் வகுத்துப் பாருங்கள். வகுத்த பிறகும் ஓரத்தில் மேடு நின்றால் உங்கள் நொதி சவ்வில் இருக்கிறது.